கையை எடுத்தால் அணைகிற அடுப்பு

பற்றுகிறது. கையை எடுத்தால் அணைகிறது. மறுபடி லைட்டரைத் தட்டினால் மறுபடியும் பற்றுகிறது, ஓவனின் அடிவயிற்றில் நீலமாக வரிசை கட்டி எரிகிறது, அப்பாடா, சனியனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பிலோமி திருகிலிருந்து விரலை எடுத்த மாத்திரத்தில் உள்ளே எங்கேயோ 'டக்'கென்று ஒரு சத்தம், நெருப்பு போன இடம் தெரியவில்லை. கேரவன் தரையில் முட்டி போட்டு முட்டி போட்டு முழங்கால் இரண்டும் மரத்துவிட்டன. கோயிலில் போய் முட்டி போட்டிருந்தாலாவது புண்ணியம். கோயில் என்னவோ பக்கத்தில்தான் இருக்கிறது, நாலு எட்டு வைத்தால் மாதா கெபி, அதைத் தாண்டினால் கோயில் வாசல், மேலே கட்டியிருக்கிற குழாயில் பூசைப் பாட்டு ஆரம்பித்தாகிவிட்டது, காதைக் கிழிக்கிறது. இன்றைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் முதல் தடவையாக அப்பம் வாங்குகிற புதுநன்மை. வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக வரிசையாக உள்ளே போனதைப் பார்த்தாள். பூசை முடிந்து வெளியே வருகிறபோது ஆளுக்கொரு கேக், சுடச்சுட, அதுதான் சாமியார் சொன்ன ஏற்பாடு. மாவு அடித்துக் கிண்ணக் காகிதங்களில் ஊற்றித் தட்டுத் தட்டாக அடுக்கியாயிற்று. முட்டையை நுரைக்க அடித்த மாவு பெண்வீட்டார் மாதிரிப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்காது. நேரமாக ஆகக் குமிழ் உடைந்து அமுங்கிப்போகும், பிறகு வெந்தாலும் அப்பளம்தான். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கேக் போனால் போகட்டும், நாளைக்கு வேறு கேக். தொண்டையில் முள் மாதிரி நிற்பது வேறு. அவ எதையோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கா. போறதுதான் போனா, அடுப்பையும் கெடுத்துட்டுப் போயிருக்கா. உலகு அப்படிச் செய்வாளா? செய்வாளா என்ன, செய்யமாட்டாள் என்று நம்பிய எதைத்தான் அவள் செய்யாமல் விட்டாள்?

உலகம்மாளை உலகு என்றுதான் பிலோமி கூப்பிடுவாள். இரண்டு பேரும் தூத்துக்குடியில் ஒரே பேக்கரியில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் காலையில் உலகு ஒரு கண்ணும் கன்னமும் வீங்கி வந்து நின்றாள். புருசன் பரமலிங்கம் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்த்திவிட்டு இவளை வாசலுக்குத் தள்ளியிருந்தான். ஏட்டி, வா என் வீட்டுக்கு என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் பிலோமி. லாரி ஓட்டிக்கொண்டிருந்த தன் புருசன் மஞ்சள்காமாலையில் போனபிறகு அவளும் ஒண்டிதான். அந்த மனுசன் சொல்லிக்கொடுத்த ஸ்டியரிங் மட்டும் கையில் மிச்சம். அந்தத் தைரியத்தில்தான், சினிமாக்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட இந்தக் கேரவனை வாங்கி, நடிகைகள் மூஞ்சி பார்த்த கண்ணாடி ஒரு பக்கம் இருக்க இன்னொரு பக்கம் ஓவனைப் பொருத்தி, கோயில் கொடை, மாதா திருவிழா, தசரா என்று ஊர் ஊராகப் போய் நிறுத்தி, வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்து, ஏ அப்பா, என்ன வாழ்க்கை அது! ராணி மாதிரி இருந்தோம்ட்டி. ஓவன் வந்த முதல் நாள் பிலோமி கேஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். தேடி எடுத்து வந்து தட்டினாளோ இல்லையோ, புஸ்ஸென்று ஒரு மூச்சு முகத்தில் அடித்தது. புருவம் இரண்டும் பொசுங்கி, முன்மயிர் சுருண்டு, பெரிய வெள்ளிக்கிழமை சொரூபம் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். உலகு முதலில் அலறினாள், அப்புறம் தண்ணீர் ஊற்றினாள், அப்புறம் சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள். புருவம் முளைக்கிறவரை தினமும் காலையில் மைப்பென்சிலால் வரைந்துவிட்டவளும் அவள்தான். "இனி நீ நெருப்புப் பக்கம் வராத. மாவு உன் பாடு, நெருப்பு என் பாடு" என்றாள். அன்றைக்கு ஆனது ஒப்பந்தம். மேலே இருக்கிற டீ அடுப்பு பிலோமிக்குப் பயமில்லை, அங்கே நெருப்பு கண்ணுக்கு முன்னால் எரியும். இது வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு எரிகிற நெருப்பு. ஒளிந்திருப்பது எதுவும் அவளுக்கு ஆகாது.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒளித்தாள் உலகு. குலசை தசராவுக்கு வண்டியை ஊர் எல்லையில் நிறுத்தியிருந்தபோது, காளி வேசமும் குறவன் வேசமும் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருக்க, இவள் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்ப் போய் நின்றாள். யாருட்டி என்றால், தங்கச்சி என்றாள். தங்கச்சியிடம் பேசுகிறவள் எதற்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச வேண்டும்? அப்போதே பிலோமிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அத்தனை நம்பிக்கை. விஜயதசமி அன்று விடிந்து பார்த்தால் பக்கத்துப் படுக்கை மடித்து வைத்திருக்கிறது, பை இல்லை, செருப்பு இல்லை. பஸ்ஸிலிருந்து போன் வந்தது. "ஏட்டி, அவுகளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டாம். அவளும் விட்டுட்டுப் போயிட்டாளாம். தண்ணி குடுக்க ஆள் இல்லையாம்ட்டி." அவுகளா? வாசலில் தள்ளினவன் அவுகளா? பிலோமி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் போனில் வந்து வந்து ஒளிர்வதும், அவள் போனைக் குப்புறக் கவிழ்த்துப் போடுவதுமாகப் போகிறது காலம். ஓவனையும் இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொடுகிறாள். இன்று காலையில்கூட மாவு அடித்துக்கொண்டிருந்தபோது அடித்தது. அழட்டும். மன்னிச்சுக்கோன்னு கெஞ்சத்தான் கூப்பிடுதா, கெஞ்சட்டும், நல்லாக் கெஞ்சட்டும். குப்புறக் கிடந்து போன் நடுங்குகிற ஒவ்வொரு தடவையும் பிலோமிக்கு நெஞ்சில் ஒரு சின்ன நிறைவு, பசிக்கு ஒரு வாய் சோறு போட்ட மாதிரி. அவனுக்கு முடியலேன்னதும் ஓடிட்டா. எனக்கு முடியாமப் போனா யாரு வருவா? இதைக் கேட்கத்தான் அவளுக்கு ஆசை. கேட்டால் அழுதுவிடுவோமோ என்றுதான் எடுக்கவில்லை.

குழாயில் வாசகம் படிக்கிறார்கள். ஏதோ ஒரு பிள்ளை, மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. சரி, யோசி பிலோமி, மண்டையைப் போட்டு உடைக்காமல் ஒன்றொன்றாகப் பார். சிலிண்டர் தீர்ந்துவிட்டதா? டீ அடுப்பைத் திருகினாள், திகுதிகுவென்று எரிந்தது. அப்போ கேஸ் இருக்கு. டியூபில் கசிவா? சோப்பு நுரையை விரலால் தொட்டு டியூப் நெடுகத் தடவிப் பார்த்தாள், ஒரு குமிழ்கூட வரவில்லை. காற்றா? கடல் காற்று ஜன்னல் வழியே வந்து ஊதுகிறதோ? ஜன்னலைச் சாத்திவிட்டுப் பற்றவைத்தாள். எரிந்தது. கையை எடுத்தாள். டக். உடனே பதறிப்போய் ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்துபோட்டு, வெளியே இறங்கி, புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள், உள்ளே தேங்கின கேஸ் எல்லாம் போகட்டும் என்று. இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துப் பார்ப்போமா? உலகுக்கு அதற்கு ஒரு கணக்கு உண்டு. திருகை அமுக்கிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பாள். என்னட்டி முணுமுணுக்கே என்றால், "உங்க மாதா மந்திரந்தான். ஒரு தடவ முழுசாச் சொல்லி முடிச்சா அடுப்பு நிக்கும், பாத்துக்க" என்பாள். கழுத்தில் தாலி, நெற்றியில் திருநீறு, வாயில் மாதா செபம், சிரிப்பாணியாக இருக்கும். திரும்ப ஏறி வந்து பற்றவைத்து, திருகை அமுக்கிக்கொண்டு, பிலோமி ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னாள். கட்டைவிரல் வெளுத்துப்போயிற்று. எடுத்தாள். டக். ஞானஸ்நானம் வாங்கினவ நான் சொல்லுதேன், நிக்கலை. அவ சொன்னா நிக்கும். என்ன நியாயம் மாதாவே இது?

"ஏம்மா பிலோமி!" கோயில் உபதேசியார் ஞானமுத்து கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். பூசைக்கு நடுவில் நைசாக வெளியே வந்திருக்கிறார், வெள்ளை ஜிப்பாவில் மெழுகுதிரி சொட்டியிருக்கிறது. "சாமி பிரசங்கத்துக்கு ஏறிட்டாரு. இன்னைக்கு எப்படியும் நீட்டுவாரு, அவசரமில்ல. ஆனா கேக்கு வாசமே வரலியே?" பிலோமி தட்டுகளை மறைத்துக்கொண்டு நின்றாள். "வரும் உபதேசியாரே, இப்பத்தான் சூடேறுது." அவர் மூக்கைச் சுருக்கினார். "கேஸ் வாசந்தான் வருது. கூட ஒரு அம்மா இருப்பாங்களே, போன வருசம் வந்தாங்களே, அவங்கதான அடுப்பு பாப்பாங்க? எங்க அவங்க?" "ஊருக்குப் போயிருக்கா" என்றாள். "வந்துருவாங்கல்லா?" என்றார் அவர், பதிலுக்குக் காத்திராமல் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவிட்டார். ஊருக்குப் போயிருக்கா. எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தூத்துக்குடியில் கேட்டார்கள், ஊருக்குப் போயிருக்கா. மாவுக்கடையில் கேட்டார்கள், ஊருக்குப் போயிருக்கா. ஊருக்குப் போனவள் திரும்பி வருவாள், அதுதானே உலக வழக்கம்.

குத்தவைத்து உட்கார்ந்து ஓவனையே பார்த்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் கதவின் நெற்றியில் இருக்கிறது, சந்தனம் வெடித்து, குங்குமம் கறுத்து. வருசா வருசம் உலகுதான் வைப்பாள். பிலோமி வேதக்காரியாக இருந்தாலும் தடுத்ததில்லை, அவள் சாமி அவளுக்கு, பொரிகடலை எனக்கு என்று உட்கார்ந்து தின்பாள். மற்ற வருசமெல்லாம் கடனே என்று ஓவனுக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, முட்டை அடிக்கிற மெசினுக்கு ஒன்று, முடிந்தது. இந்த வருசம் விழுந்து விழுந்து வைத்தாள். கரண்டிக்கு, கத்திக்கு, கேக் தட்டுகளுக்கு, சிலிண்டர் கழுத்துக்கு, நாலு சக்கரத்துக்கும், ஜாக்கிக்கும்கூட. கடைசியில் பிலோமியின் வலது கையைப் பிடித்து இழுத்து மணிக்கட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தினாள். "ஏட்டி, கிறுக்கச்சி, நான் என்ன ஆயுதமா?" "மாவு அடிக்கிற கையில்லா. இதவிட என்னட்டி பெரிய ஆயுதம்?" அன்றைக்கு அதைக் கேட்டுப் பிலோமி கெக்கெக்கே என்று சிரித்தாள், வெட்கம் கெட்டவள், சிரித்தாளே! விடிந்தால் போகப் போகிறோம் என்று அப்போதே அவளுக்குத் தெரியும். பை கட்டி ஒளித்து வைத்திருப்பாள். கழுத்தறுக்கப் போகிற ஆட்டுக்குக்கூட மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள் அல்லவா, அப்படியல்லவா வைத்திருக்கிறாள் பொட்டு! அன்றைக்கு ஓவனை வெகு நேரம் திறந்துவைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டு என்னவோ செய்துகொண்டிருந்தாள். என்னட்டி நோண்டுதே என்றதற்குக்கூடச் சரியான பதிலில்லை. அப்போதுதான் செய்திருக்கிறாள். நான் போயிட்டா நீ அடுப்புப் பத்தவைக்கக் கூடாது, என் காலில் வந்து விழணும், அப்படித்தானே? ஏன் செய்யமாட்டாள்? நாலு வருசம் ஒரே பாயில் படுத்து எழுந்தவளிடம் தங்கச்சி என்று பொய் சொன்ன வாய்க்கு, ஒரு கம்பியைப் பிடுங்குகிற கையா கூடாமல் போகும்? குழாயில் காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. உபதேசியார் சொன்ன மாதிரி நீட்டவில்லை சாமியார், நேரங்கெட்ட நேரத்தில் சுருக்கிவிட்டார்.

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பிலோமி தலையை ஓவனுக்குள் விட்டாள். மாதாவே, புருவத்தைக் காப்பாத்து. அந்த இருட்டுக்குள் இரும்பு வாசமும் பழைய வெண்ணெய் வாசமும் லேசாகச் சந்தன வாசமும் இருந்தன. குழல் நெடுக ஓட்டை ஓட்டையாகப் பர்னர், அதன் மூலையில் நெருப்புப் பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு செம்புக் கம்பியின் முனை, சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. இதைப் பற்றி உலகு ஏதோ சொன்னாளே. பொருத்த வந்த மெக்கானிக்கிடம் தோண்டித் துருவிக் கேட்டுவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், பிலோமி பாதி காதில் வாங்கவில்லை. "உள்ள ஒருத்தன் இருக்காம்ட்டி, காவக்காரன். நெருப்புல விரல விட்டுக்கிட்டே நிப்பான். சுட்டாத்தான் கேஸ விடுவான். அவனுக்குச் சூடேறுற வரைக்கும் நாமதான் திருக அமுக்கிப் பிடிச்சுக்கிடணும். சூடு தெரியலேன்னா, ஐயையோ, அடுப்பு அணஞ்சு போச்சுன்னு கதவச் சாத்திருவான். நம்ம வெடிச்சுச் செத்துரக் கூடாதுல்லா? பாவம், நாள் பூரா சுட்டுக்கிட்டே நிக்கான்." காவக்காரன். பிலோமி டார்ச்சைக் கிட்டக் கொண்டுபோனாள். காவக்காரன் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. கெட்டியாகக் குழைத்த சந்தனம், மோதிர விரல் ரேகை அப்படியே பதிந்து காய்ந்து, ஓரம் கருகி, நடுவில் குங்குமம். முனையையே மூடியிருந்தது. விரல் அழுத்தின அழுத்தில் கம்பி லேசாக ஒதுங்கி, நெருப்பு படாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுடவில்லை அவனுக்கு. சுடாதவன் என்ன செய்வான், சாத்துகிறான், டக்கென்று.

தலையை வெளியே எடுக்கத் தோன்றவில்லை. கெடுக்கவில்லை அவள். கும்பிட்டிருக்கிறாள். நாள் பூரா சுட்டுக்கொண்டு நிற்கிறவனைத் தேடிப்போய், யார் கண்ணிலும் படாத மூலையில், அவனுக்கும் ஒன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கம்பியைப் பிடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே, கடன்காரி! நாலு ஊர் கேட்க வாய் நாறத் திட்டித் தீர்த்து, காறித் துப்பி, தலை முழுகியிருக்கலாமே. இப்போது எதைப் பிடித்துக்கொண்டு வெறுப்பது? இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டும் போனாயே. பிரியமில்லாமல் போகிறவள் போகட்டும், ஊரில் இல்லாததா? சக்கரம் சக்கரமாகக் கும்பிட்டுவிட்டு, என் கையில் பொட்டு வைத்துவிட்டு, அதையும் தாண்டி அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஓவனுக்குள் தலையை வைத்துக்கொண்டே அழுதாள். சத்தம் உள்ளேயே முட்டித் தகரத்தில் அதிர்ந்தது. கோயிலில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி அடித்தது, கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று. அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஈரத்துணியால் அந்தப் பொட்டை ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரால் மெல்லத் தேய்த்துச் செம்பு மின்னுகிறவரை விடவில்லை. ஈரம் போக ஒற்றி எடுத்தாள். ஒதுங்கின கம்பியை இரண்டு விரலால் பிடித்துக் குழந்தையின் மூக்கைத் திருப்புகிற மாதிரி நெருப்புப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பற்றவைத்தாள். நீலம் வந்து முனையை நக்கியது. திருகை அமுக்கிக்கொண்டு செபத்தை ஆரம்பித்தாள். பாதியில் மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் நடுங்கத் தொடங்கியது. உலகு. இப்போது கையை எடுக்க முடியாது. அடிக்கட்டும், அடிக்கட்டும். செபத்தை முடித்து, ஆமென் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை எடுத்தாள். டக் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். எரிகிறது. தாயே, எரிகிறதே!

தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் போன் நின்று, மறுபடி அடித்தது. அடுப்பு எரிகிற சந்தோசத்திலா, அழுத அசதியிலா, எடுத்துவிட்டாள். "ஏட்டி!" என்றாள் உலகு, மூச்சு வாங்கியது. "வச்சிராத, வச்சிராத, ஒரே ஒரு விசயம். காவக்காரனுக்குப் பொட்டு வச்சேன் பாத்துக்க. காலைல எந்திரிச்சுத் துடைக்கணும்னு இருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. அது இருந்தா அடுப்பு நிக்காது. நீ பயந்து போய்த் திரும்பத் திரும்பப் பத்தவச்சு முகத்தப் பொசுக்கிக்கிடுவியேன்னு எனக்கு உறக்கமே இல்ல. அதச் சொல்லத்தான் அன்னையில இருந்து கூப்பிடுதேன், நீ எடுக்கவே மாட்டேங்கே." பிலோமி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைச் சொல்லத்தானா? குப்புறக் கிடந்து போன் நடுங்கியதெல்லாம் அதற்குத்தானா? கெஞ்சுகிறாள், அழுகிறாள், வந்துவிடுகிறேன் என்று சொல்லக் கூப்பிடுகிறாள் என்று வாய் வாயாகத் தின்று உயிர் வளர்த்ததெல்லாம்? அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் வாய் குழறி எதையோ கேட்டது. "இந்தா வாரேன்" என்றாள் உலகு, பிலோமி தண்ணீர் கேட்டால் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரலில். "ஏட்டி, இருக்கியா? என்னமும் பேசு. நாலு வார்த்த வஞ்சாவது பேசு." யாரு வருவா எனக்கு என்று கேட்கலாம், இப்போது கேட்கலாம். "துடைச்சிட்டேன்" என்றாள் பிலோமி. வைத்துவிட்டாள்.

நன்மைப் பாட்டு முடிந்து, கடைசி ஆசீரும் முடிந்து, குழாய் கரகரத்து நின்றது. பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிலோமி ஓவன் முன்னால் குனிந்து, கதவுக்குக் கீழே தெரிகிற நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை வரவில்லை, கை தன்னால் திருகுப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியது. உபதேசியார் வேகமாக வந்தார், தூரத்திலேயே மூக்கு விரிந்துவிட்டது. "அடி சக்கை! வாசம் கோயில் வரைக்கும் வந்துட்டுல்லா! அப்போ அந்த அம்மா ஊர்ல இருந்து வந்தாச்சா?" என்று உள்ளே எட்டிப் பார்த்துத் தேடினார்.

"இல்ல உபதேசியாரே" என்றாள் பிலோமி. "அவ வரமாட்டா." சொல்லிவிட்டு, சூடான தட்டை எடுக்கத் துணியைத் தேடினாள்.